நாலாவது பாட்டில் தண்ணீர்

7 பிப்ரவரி 1982, ஞாயிறு

துணி துவைத்து முடிக்கவே மதியமாகிவிட்டது. எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தண்ணீர் இன்றும் மஞ்சள். ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக்குட்டையிலிருந்து பம்ப் போட்டுத் தொட்டிக்கு ஏற்றி, காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் திறந்துவிடுகிறார்கள். மழை பெய்தால் சேறும் கூடவே வரும். பள்ளிச் சட்டை இனி வெள்ளை ஆகாது. கிரீம் நிறம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சியூ லான் கேட்ட கேள்வி இன்னும் தலையை விட்டுப் போகவில்லை. என் மடியில் இருந்த நாவலைக் காட்டி, “இதில் உன்னைப்போல யாராவது வருகிறார்களா?” என்றாள். மலாயில்தான் கேட்டாள். பஸ்ஸில் ஒரே சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் எங்கள் நான்கு பேருக்கும் பொதுவானது அதுதான். சியூ லான் சீனர்களின் புதுக்கிராமத்துப் பெண். ரொஹானா ரோட்டுக்கு அந்தப்பக்கத்துக் கம்போங், மலாய்க் கிராமம். கௌரி எங்கள் தோட்ட ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியின் மகள். நான் தொழிலாளர் லைன் வீடு.

யோசித்துப் பார்த்தேன். நான் படித்ததெல்லாம் இந்தியாவிலிருந்து வந்த கதைகள். கலெக்டர் வருகிறார், வக்கீல் வருகிறார், காவிரி வருகிறது. ராக்காயி என்று ஒருத்தி ஒரே ஒரு கதையில் வந்தாள். பாத்திரம் தேய்த்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்திலேயே போய்விட்டாள். என் பெயர் ராக்காயி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் நம் தோட்டத்துக் கதைகள் வரும்தான். ஆனால் அவற்றில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் கிணற்றில் விழுந்துவிடுகிறார்கள்.

“நான் இல்லை,” என்றேன்.

“அப்படியானால் எதற்கு அதையே படிக்கிறாய்?”

பிடிக்கும், அதனால் படிக்கிறேன். ஆனாலும், மற்றவர்களின் புத்தகங்களில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. இந்த ஆண்டு நான் அறியாதவர்கள் எழுதியதையும் படிப்பேன்.

21 பிப்ரவரி, ஞாயிறு

பள்ளி நூலகத்தில் எடுத்த மலாய் நாவலை முடித்தேன். பரீட்சைக்காக அல்லாமல் மலாய்ப் புத்தகம் படிப்பது இதுதான் முதல் முறை. முதல் பத்துப் பக்கம் கல் பொறுக்கி அரிசி களைவது போல இருந்தது. பிறகு ஓடிவிட்டது.

ஒரு நெல் விவசாயி. அவன் வயல் வரப்பு உடைந்துவிடுகிறது. மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறான், நல்ல சொங்கோக் தொப்பி போட்டுக்கொண்டு. அதிகாரி கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மறுபடி போகிறான். கிராணி தேநீர் குடிக்கிறார். கடைசியில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அலுவலகப் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. வரப்பு சரியானதா என்று கூடச் சொல்லவில்லை.

எனக்கு ஆச்சரியம் வேறு. விவசாயி மலாய்க்காரன், கிராணி மலாய்க்காரர், அதிகாரியும் மலாய்க்காரர். அப்புறம் ஏன் காக்க வைத்தார்கள்?

அப்பாவிடம் சொன்னேன். “அவங்க கவர்மெண்டு, அவங்களுக்கே அலைச்சலா? சும்மா கதை லா,” என்றார்.

23 பிப்ரவரி, செவ்வாய்

ரொஹானாவிடம் கேட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “கதையா? நிலப்பட்டாவுக்காக என் அப்பா அலைந்ததை எழுதினால் இதைவிடத் தடிமனான புத்தகம் வரும்.”

அப்படியானால் அந்த அலுவலகம் யாருடையது? நம்முடையது இல்லை என்று நாங்கள் நினைத்தோம். அவர்களுடையதும் இல்லை போலிருக்கிறது.

9 மார்ச், செவ்வாய்

எனக்குச் சீன எழுத்து தெரியாது. அதனால் சியூ லான் தன் நாவலை வாயாலேயே சொல்கிறாள், பஸ் வரும்வரை ஒரு துண்டு, பஸ்ஸில் ஒரு துண்டு. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமலிருக்க, அவசரநிலைக் காலத்தில் சீனர்களை அடைத்துவைத்த புதுக்கிராமம். முள்வேலி, வாசலில் சோதனை. ஒரு அம்மா பால்மரம் வெட்டப் போகும்போது சோறு கொண்டுபோகக் கூடாது என்று பிடுங்கிவிடுகிறார்கள்.

பால்மரம்! சீனப் புத்தகத்தில் பால்மரம் வெட்டுகிற அம்மா! “நான் அதில் இருக்கிறேன்!” என்று கத்திவிட்டேன். சியூ லான், “அது என் பாட்டி,” என்றாள் சட்டென்று. பிறகு யோசித்து, “சரி, நீயும் இரு,” என்றாள்.

காதால் கேட்பதும் படிப்புத்தானா? படித்தவற்றில் சேர்த்துக்கொள்கிறேன்.

20 மார்ச், சனி

தங்கச்சி வீராவுக்கு மறுபடி வயிற்றோட்டம். ஆஸ்பத்திரியில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறார். கொதித்த சேறும் சேறுதானே.

28 மார்ச், ஞாயிறு

நகர நூலகத்திலிருந்து ஆப்பிரிக்காக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். பக்கத்துக்கு ஐந்து தடவை அகராதி. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு. அமைச்சர் கிராமத்துக்கு வருகிறார். ரோடு போடாததால் அவர் கார் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. கிராமமே சேர்ந்து காரைத் தூக்கி விடுகிறது. அவர் இறங்கியதும், வந்ததற்கு நன்றி சொல்லி ஆடிப் பாடுகிறார்கள்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா, “தனியா என்ன சிரிப்பு, பேய் பிடிச்சிருக்கா?” என்றார். கதையைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

“போன வருஷம் திருவிழாவுக்கு ஒய்.பி. கார் நம்ம திடல்ல மாட்டிக்கிச்சே. உங்கப்பாதான் தள்ளுனாரு. சட்டையெல்லாம் சேறு. அதோடதான் மாலை போட்டாரு.”

ஒய்.பி. என்றால் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். பேராக் மாநிலம் முழுக்க அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த எழுத்தாளர் எங்கள் தோட்டத்துக்கு வந்ததே இல்லை. எப்படித் தெரிந்தது அவருக்கு?

5 ஏப்ரல், திங்கள்

தேர்தல் வருகிறது. ஐயாவு கடைச் சுவரில் இடமே இல்லை, அவ்வளவு சுவரொட்டி. ரேடியோவில் ‘பெர்சே, செக்காப், அமானா’ என்று ஓயாமல் சொல்கிறார்கள். சுத்தம், திறமை, நம்பிக்கை. பள்ளியில் அதையே கட்டுரையாகக் கொடுத்தார்கள். நம்பிக்கை என்றால் யார் யார்மீது வைப்பது, அது பொய்த்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று இரண்டு பக்கம் எழுதினேன். ‘தலைப்பை விட்டு விலகாதே’ என்று சிவப்பு மையில் வந்தது.

விலகினேனா?

14 ஏப்ரல், புதன்

சித்திரை முதல் நாள். கேசரி. புதுச் சட்டை இல்லை, தேர்தல் பனியன் எல்லாருக்கும் கிடைத்தது.

ஒய்.பி. வந்தார். ஐயாவு கடை முன்னால் லாரி மேல் நின்று பேசினார். நல்ல மனிதர் மாதிரித்தான் இருக்கிறார், வயதானவர்களைக் கையைப் பிடித்துப் பேசுகிறார். அவர் மலாயில் சொன்னது: “என் தொகுதியில் எங்கே போனாலும் கால்வாய் கேட்கிறார்கள், விளக்கு கேட்கிறார்கள், எனக்குத் தலைவலி. செம்பாக்கா தோட்டத்தில் மட்டும்தான் ஒரு குறையும் இல்லை. இங்கே எனக்கு மாலை மட்டும்தான் கிடைக்கிறது!”

எல்லாரும் கை தட்டினார்கள். கோயில் தலைவர் இராமசாமி எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்.

குறை இல்லையா? எங்களுக்கா?

15 ஏப்ரல், வியாழன்

கோயிலில் தலைவரைப் பிடித்தேன். “தலைவரே, ஒய்.பி.கிட்ட நாம தண்ணி கேட்டதே இல்லையா?”

“யாரு சொன்னா? வருஷா வருஷம் கேக்கறோம் லா. வாழ்த்துமடல்ல நாலாவது பாட்டு தண்ணிதான். காப்பி உள்ள இருக்கு, போய்ப் பாரு.”

பார்த்தேன். திருவிழாவில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துமடல் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பது எங்கள் வழக்கம். கார்த்திகேசு வாத்தியார்தான் எழுதுவார். நாலாவது பாட்டு இப்படி:

‘வற்றா நதியே வான்முகில் வள்ளலே
வாடும் பயிர்க்கொரு நீராய் வருகவே.’

“இதுல குழாய் எங்க இருக்கு, தலைவரே?”

“நீர்னு இருக்குல்ல? வாடும் பயிர் யாரு? நாமதான். படிச்ச பிள்ளைதானே நீ?”

“ஒய்.பி.க்குத் தமிழ் தெரியாதே.”

“அதுக்குத்தான பெரிய கிராணி பக்கத்துல குந்தி மலாய்ல சொல்றாரு.”

16 ஏப்ரல், வெள்ளி

பெரிய கிராணி என்றால் கௌரியின் அப்பா ஸ்கந்தராஜா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் காதோடு என்னதான் சொல்வார் என்று கௌரியிடம் கேட்டேன்.

“அப்பா என்னத்தைச் சொல்லுறது? மழைமுகிலே, மலைத்தேனே எண்டு எல்லாப் பாட்டும் ஒண்டு போலத்தானே கிடக்குது. ‘உங்களைப் புகழ்கினம் துவான்’ எண்டு சொல்லிப்போட்டு இருந்திடுவார்.”

“நாலாவது பாட்டுக்கும்?”

“நாலாவதுக்கு, ‘இன்னும் புகழ்கினம்’ எண்டு சொல்லுவார்.” சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். “உனக்கென்ன விசரா? அப்பா பொய் சொல்லேல்லை. அந்தப் பக்கத்துக் கதிரையில துரை இருக்கிறார். துரைக்கு முன்னால தோட்டத்துத் தண்ணி சரியில்லை எண்டு எங்கட அப்பா சொல்லேலுமே?”

துவான் என்றால் மலாயில் ஐயா. துரை என்றால் மேனேஜர். இப்போது இருப்பவர் சீனர். இருந்தாலும் துரைதான்.

யாரும் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்டோம், பாட்டில். கிராணி மொழிபெயர்த்தார், புகழ்ச்சியை. ஒய்.பி. புரிந்துகொண்டார், நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம் என்று. கேட்டதே காதில் விழாத ஒருவரிடம், ஏன் செய்யவில்லை என்று எப்படிக் கேட்பது?

அம்மாவிடம், “நேராவே மலாய்ல கேட்டா என்ன?” என்றேன்.

“நம்ம பேசறது பாசார் மலாய். மீன் வாங்க அது போதும். சபையில போய் அதைப் பேசினா சிரிக்க மாட்டாங்க? மானம் போயிரும்.”

22 ஏப்ரல், வியாழன்

ஓட்டு. அம்மா சேலை மாற்றிக்கொண்டு போனார். யாருக்குப் போட்டீர்கள் என்றால், “சொல்லக் கூடாது லா, சட்டம்,” என்கிறார். எவ்வளவு பெருமை முகத்தில்!

பழைய ஒய்.பி.யே ஜெயித்துவிட்டார்.

25 ஏப்ரல், ஞாயிறு

கார்த்திகேசு வாத்தியார் தெலுக் இந்தானுக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். மே எட்டாம் தேதி சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்கு இந்த முறை வாழ்த்துமடலை நான் எழுதி நானே வாசிக்க வேண்டுமாம். தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நம்ம வீட்டுப் பிள்ளை, மேடையில!”

எனக்கும்தான் சந்தோஷம். உடனே முதல் மூன்று பாட்டு வந்துவிட்டது. நாலாவதில் நிற்கிறேன்.

ஓட்டுப் போட்டு முடிந்துவிட்டது, இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அப்பா சொல்கிறார். எனக்கு என்னவோ இனிமேல்தான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாம் அனுப்பிய ஆள்தானே போய் உட்கார்ந்திருக்கிறார்?

2 மே, ஞாயிறு

ரொஹானா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். குளியலறையில் குழாயைத் திருப்பினால் தண்ணீர். சும்மா திருப்பினாலே! இரண்டு கிளாஸ் குடித்தேன். ருசியே இல்லை, அவ்வளவு சுத்தம். அந்த அரசாங்கக் குழாய் எங்கள் தோட்டத்துக் கேட்டுக்கு எதிரே, ரோட்டோரமாகத்தான் போகிறது. ரோட்டைத் தாண்டவில்லை.

நான் மலாயில் எழுதி வைத்திருந்ததை ரொஹானாவிடம் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இது பரீட்சைக் கட்டுரை. இப்படிப் பேசினால் அவர் உனக்கு மார்க் போடுவார், குழாய் போட மாட்டார்.”

“வேறெப்படி?”

“‘நீங்கள் தரவில்லை’ என்று ஆரம்பித்தால் அவர் முகம் மூடிக்கொள்ளும். ‘எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்று சொல். சொல்லிவிட்டு நிறுத்து. அப்புறம் ஒரு வார்த்தையும் பேசாதே. பேசாமல் நின்றால் அவர்தான் பேச வேண்டியிருக்கும்.”

அந்த நாவலின் விவசாயி ஏன் கத்தாமல் படியில் உட்கார்ந்தான் என்று இப்போதுதான் புரிந்தது. தோற்றுப்போய் உட்கார்ந்தான் என்றல்லவா நினைத்தேன்!

5 மே, புதன்

கோயில் கமிட்டி. மடலை வாசித்துக் காட்டினேன். நாலாவது பாட்டில் ‘குழாய்’ என்றே போட்டிருந்தேன்.

“குழாய்னு பாட்டுல வருமா? காதுக்கு நாராசமா இருக்கு,” என்றார் தலைவர். பிறகு, “சரி, இருக்கட்டும்,” என்றார்.

கடைசியில் மலாயிலும் நான்கு வரி சொல்லட்டுமா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

“ஆத்தா சன்னிதானத்துல மலாயா? வருஷத்துல ஒரு நாள் அந்தாளு நம்ம தமிழைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அன்னிக்கும் நாம அவங்க பாஷை பேசணுமா? பள்ளிக்கூடத்துல பேசுறது பத்தலையா?”

அவர் சொல்வது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் கஷ்டம்.

பெரிய கிராணியும் இருந்தார். “பிள்ளை, நீர் யோசியாதேயும். நான் சொல்லுறன்தானே அவருக்கு,” என்றார் மெதுவாக. அவர் கண்ணைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கௌரி சொன்னதை இங்கே எப்படிச் சொல்வேன்?

வரும் வழியில் அப்பா: “லைன் வீடு தோட்டத்துது. எழுதினதை மட்டும் வாசிச்சிட்டு எறங்கிரு, தாயி.”

7 மே, வெள்ளி

வாசித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

வீராவுக்கு நேற்றிலிருந்து மறுபடியும் வயிறு சரியில்லை.

9 மே, ஞாயிறு

வரிசையாக எழுத வேண்டும்.

நேற்று மதியம், அன்னதானத்துக்கு முன்னால். பந்தலில் மூன்று நாற்காலி: நடுவில் ஒய்.பி., ஒரு பக்கம் துரை, மறுபக்கம் பெரிய கிராணி. எல்லாருக்கும் மாலை. நான் மைக் முன்னால், அவர்களுக்கு இரண்டு அடி தள்ளி. முதல் பாட்டு. கிராணி ஒய்.பி. பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். ஒய்.பி. சிரித்துத் தலையாட்டினார். இரண்டாவது, மூன்றாவது, அதே குனிதல், அதே சிரிப்பு.

நாலாவது. ‘ரோட்டோரம் ஓடும் குழாய்நீர் எம்மில்லம் வாராதோ’ என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். கிராணி குனிந்தார். துரையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மலாயில், என் காதிலேயே விழுந்தது: “உங்கள் ஆசியை வேண்டுகிறார்கள், துவான்.”

ஒய்.பி. சிரித்துத் தலையாட்டினார்.

அந்தச் சிரிப்புத்தான். மூன்றாவது பாட்டுக்குச் சிரித்த அதே சிரிப்பு. இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. மலாயில் சொன்னேன், தாளில் இல்லாததை:

“மாண்புமிகு ஐயா, நாலாவது பாட்டின் பொருள் இது. இந்தத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. ஈயக்குட்டைத் தண்ணீரைக் குடிக்கிறோம். என் தங்கைக்கு மூன்று வயது, இந்த ஆண்டில் பலமுறை ஆஸ்பத்திரி போய் வந்துவிட்டாள். இதை எல்லா வருடமும் தமிழில் கேட்டிருக்கிறோம்.”

நிறுத்தினேன். பேசாமல் நின்றேன். ஜெனரேட்டர் சத்தம் மட்டும். அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

ஒய்.பி. மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். “ஏன் இதை யாரும் இதுவரை என்னிடம் சொல்லவில்லை?”

தலைவர் இராமசாமி துள்ளி எழுந்துவிட்டார். “சொன்னோமே! வருஷா வருஷம் சொன்னோமே!” தமிழில்!

ஒய்.பி. கிராணியைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். பெரிய கிராணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்த முறை குனியவில்லை. நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல மலாயில் சொன்னார்: “ஒவ்வொரு ஆண்டும் சொன்னோம் என்கிறார், துவான். உண்மைதான். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை.”

இப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் பேசியிருப்பேனா?

ஒய்.பி. துரையைப் பார்த்தார். பிறகு, தோட்டம் தனியார் நிலம், கேட்டுக்குள்ளே குழாய் போடுவது தோட்டத்தின் பொறுப்பு என்றார். துரை உடனே, ரோட்டைத் தாண்டிக் கொண்டுவருவது அரசாங்கத்தின் பொறுப்பு, அதற்காகத்தான் காத்திருக்கிறோம் என்றார். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். நடுவில் ரோடு மட்டும் யாருடையதும் இல்லாமல் கிடந்தது.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். பாசார் மலாய், மீன்கடையில் பேசுகிற அதே மலாய்:

“துவான், டுவா-டுவா சினி அடா! செக்காராங் சக்காப் லா!”

இரண்டு பேருமே இங்கேதான் இருக்கிறீர்கள், இப்போதே பேசுங்களேன். திரும்பிப் பார்த்தேன். என் அம்மா. பெயருக்கேற்ற காளியம்மா! வீராவை இடுப்பில் வைத்துக்கொண்டு.

சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அம்மா பயந்த அந்தச் சிரிப்பு இல்லை. ஒய்.பி.யும் சிரித்தார். பிறகு நாற்காலியைத் துரை பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். சோறு பரிமாறும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது.

சட்டம் போட்ட மடலை வாங்கிக்கொண்டுதான் போனார்.

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. அம்மாவோடும் பேசவில்லை.

11 மே, செவ்வாய்

கௌரி பஸ்ஸில் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

30 மே, ஞாயிறு

ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் கோயிலில் என்னைக் கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “ஒய்.பி. ஆபீஸ் ஈப்போவுல எங்க இருக்கு? சனிக்கிழமை போலாம். நீ பேசு. நான் கூட நிக்கிறேன்,” என்றார்.

5 ஜூன், சனி

போனோம். ஒய்.பி. இல்லை, கூட்டம். உதவியாளர் அடுத்த வாரம் வரச் சொன்னார். நான் கிளம்ப எழுந்தேன், தலைவர் எழவில்லை. “நாம குந்தியிருப்போம் லா,” என்று வேட்டியைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் அந்த மலாய் நாவலைப் படித்ததில்லை. நான் சொன்னதும் இல்லை!

நாலு மணிக்கு ஒய்.பி. வந்தார். எங்களை அடையாளம் தெரிந்தது. அவரும் துரையும் நீர் இலாகாவுக்குச் சேர்ந்து எழுதியிருப்பதாகச் சொன்னார்.

20 ஜூன், ஞாயிறு

பெரிய கிராணியை மாற்றிவிட்டார்கள். கம்பெனியின் சிலிம் ரிவர் தோட்டத்துக்கு. பதவி உயர்வு என்று சொல்கிறார்களாம். யாரும் நம்பவில்லை.

நான் கேட்டது தண்ணீர். போவது கௌரி. நியாயமா இது? கேள்வி கேட்டவள் லைன் வீட்டில் பத்திரமாக இருக்கிறேன். நான் பேசாமல் இறங்கியிருந்தால்... வீரா? தெரியவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் ஒரு பக்கம் இடிக்கிறது. நான் படித்த எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நான் தாண்டிப் போய்விட்டேனா?

27 ஜூன், ஞாயிறு

லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று தயங்கி, போனேன். கிராணி என்னைப் பார்த்து, “வாரும் பிள்ளை,” என்றார். அதே மெதுவான குரல்.

கௌரி வாசலில் நின்றாள்.

“அப்பாவுக்கு உன்னில கோவமில்லையாம். சுகமா நித்திரை கொள்ளுறார். எனக்குத்தான் கோவம்.”

“தெரியும்.”

“அங்க கிட்டடியில லைப்ரரி ஒண்டும் இல்லையாம்.”

“அனுப்பட்டுமா?”

“நான் கேக்கேல்லையே,” என்றாள். லாரி கிளம்பும்போது, “தடிச்ச புத்தகமா அனுப்பு. சும்மா காதல் கதை வேண்டாம்!” என்று கத்தினாள்.

18 ஜூலை, ஞாயிறு

சிலிம் ரிவருக்கு இரண்டு புத்தகம் தபாலில் போட்டேன். சியூ லான் இப்போது புது நாவல் சொல்கிறாள். ஒரு மீனவப் பெண், கடற்கரையை எழுதிக் கொடுக்கச் சொல்லி அதிகாரிகள் கேட்க, ‘எனக்கு எழுதத் தெரியாது’ என்று மூன்று அத்தியாயமாகச் சமாளிக்கிறாள். உண்மையில் எழுதத் தெரியும்!

அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். நேற்று இரவுச் சோற்றின்போது, “அந்த ஆப்பிரிக்காக்காரன் கதையில, கார் தள்ளுனவனுக்கு அப்புறம் என்னா ஆச்சு?” என்று கேட்டார்.

14 ஆகஸ்ட், சனி

நீர் இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கேட்டிலிருந்து முதல் லைன் வரை அளந்தார்கள். தோட்டம் பள்ளம் வெட்டித் தருகிறது, இலாகா குழாய் போடுகிறது. துரையும் வந்து நின்றார். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் வாளியும் கையுமாக அப்படியே சுற்றி நின்றுவிட்டார்கள்.

அளந்து முடித்து, அதிகாரி மலாயில், “அடுத்த மாதம் தண்ணீர் வந்துவிடும்,” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறப் போனார். நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

“புலான் டெப்பான், ஹாரி ஆப்பா?” என்றார் அம்மா. அடுத்த மாதம் சரி, எந்த நாள்?

அதிகாரி திரும்பினார். யாரும் நகரவில்லை. யாரும் பேசவுமில்லை. அவர் ஒரு காலை ஜீப்பில் வைத்தபடியே துரையைப் பார்த்தார், தன் தாள்களைப் பார்த்தார், விரல் விட்டு ஏதோ எண்ணினார்.

“செப்டம்பர் இருபது,” என்றார்.

பெண்கள் அதைப் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், அவர்கள் அடுத்த லைனுக்கு. ஜீப் போய்ப் புழுதி அடங்கும் முன்னே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் தலைவர் இராமசாமி சுண்ணாம்பும் பூசுகிற மட்டையுமாக வந்து என்னைக் கேட்டுக்கு அழைத்துப்போனார். ரோட்டைப் பார்த்த சுவரைக் காட்டினார்.

“அந்தத் தேதியை இதுல எழுது.”

நான் தமிழில் ‘செ’ போட்டேன்.

“ஏ பிள்ள, மலாய்ல எழுது லா,” என்றார். “அவங்க வந்தா படிக்கணும்ல.”

பெரிய எழுத்தில் எழுதினேன்.